ஆறாம் நம்பருக்கு வந்த எண்ணெய்

எனக்குக் குடலிறக்கம். பத்து வருஷம் துணியை இறுக்கிக் கட்டியே சமாளித்தேன். ஒரு நாள் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கும்போது வெளியே வந்தது வந்ததுதான், உள்ளே போகவில்லை. மகன் பேயாண்டி வண்டியைக் கட்டி, பேரையூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்து, ஆற்றங்கரையில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். காங்கிரஸ் மந்திரிகள் வந்த மறு வருஷம், சித்திரைத் திருவிழா முடிந்து ஒரு மாசம் இருக்கும்.

டாக்டர் பட்டாபிராமன் அதை அமுக்கி உள்ளே தள்ளினார். அறுத்துத் தைத்தால்தான் நிற்கும், ஆனால் இருமலோடு அறுத்தால் தையல் பிய்ந்துவிடும், முதலில் இருமல் தீரட்டும் என்றார். அப்படிப் பதிமூன்று நாள் சும்மா கிடந்தேன். சும்மா கிடக்கிறவனுக்குக் கண்ணும் காதும்தான் வேலை.

வார்டு கிழக்கு மேற்காக நீளம். பதினாறு கட்டில். எட்டுக்குத் தலைமாடு வடக்குச் சுவர், எட்டுக்குத் தெற்குச் சுவர். சுவரில் நம்பர் எழுதி, அதன் கீழே ஆணியில் ஓர் அட்டை தொங்கும். காய்ச்சல் எவ்வளவு, மருந்து என்ன, சாப்பாடு என்ன, எல்லாம் அந்த அட்டையில் இருக்கும். எனக்கு ஆறாம் நம்பர். வடக்குச் சுவர்.

வடக்கே தலை வைத்து எங்கள் ஆட்களில் ஒருவனும் படுக்கமாட்டான். நான் தலையணையைக் கால்மாட்டுக்குக் கொண்டுபோய்ப் படுப்பேன். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் விஜயம் வந்து திருப்பிப் போடச் சொல்வாள். அவள் போனதும் மறுபடி மாற்றுவேன். பதிமூன்று நாளும் எங்களுக்குள் இதே சண்டைதான்.

இன்னொரு சங்கதி. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சாமி பேரைத்தான் வைப்பார்கள். அந்த வார்டில் மட்டும் மூன்று விருமாண்டிகள். நான் ஒருவன். கால் ஒடிந்து மூலையில் கிடந்தவன் ஒருவன். எனக்கு நேர் எதிரே, தெற்குச் சுவரில் பதினாலாம் நம்பரில் கிடந்தவன் ஒருவன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாராவது ஒருவன் தப்பாகத் திரும்புவான். அதனால் நர்ஸுகள் எங்களை நம்பர் சொல்லியே நடத்தினார்கள்.

பதினாலாம் நம்பர் விருமாண்டிக்கு இருபத்திரண்டு வயசு. செல்லூரில் தறிக் கொட்டகையில் வேலை பார்த்தவன். டைபாய்டு. காய்ச்சல்காரர்களுக்கென்று இருந்த அறை நிரம்பிப்போனதால் இங்கே போட்டிருந்தார்கள். மூன்றாவது வாரம், பாதி நேரம் நினைவில்லை. சொந்தக்காரர்களைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். அவன் பெண்டாட்டி சின்னத்தாய் காலையிலிருந்தே கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்து, மணி அடித்ததும் ஓடிவருவாள். ஒரே வகை ஆட்கள் என்று தெரிந்ததும் என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு, என் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில், படிக்கிற நர்ஸுகளுக்கு மேட்ரன் பாடம் நடத்துவார். ஆறு பெண்கள். மேட்ரன் பாளையங்கோட்டைப் பக்கத்து அம்மாள். சத்தம் போடமாட்டார், சிரிக்கவும் மாட்டார். உடம்பைப் பற்றிய பாடம் அல்ல அது. நோயாளி கொடுக்கிற வெல்லக்கட்டியை வாங்கலாமா, ஒருத்தர் வியாதியை இன்னொருத்தரிடம் சொல்லலாமா, சாகப்போகிறவன் கேட்டால் என்ன சொல்வது, இப்படி. எனக்குச் சிரிப்பாக வரும். வெல்லத்தை வாங்காதே என்று யாருக்குத்தான் சொல்லிக்கொடுக்கவில்லை? தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் சொல்லித்தான் இருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மேட்ரன் ஓர் அவுன்ஸ் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியையும் கேட்டார்.

"தப்பான மருந்தைக் குடுத்துட்டே. யாரும் பாக்கல. மொதல்ல என்ன செய்வே?"

டாக்டரைக் கூப்பிடுவேன் என்றாள் ஒருத்தி. வாந்தி எடுக்க வைப்பேன் என்றாள் இன்னொருத்தி. ஜெபம் பண்ணுவேன் என்று ஒருத்தி சொல்ல, அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று மேட்ரன் கேட்டார். கடைசியில் இருந்தவள் மலையம்மாள். வாடிப்பட்டிக்காரி. கட்டினவன் கண்டித் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி வரவில்லை. பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு இங்கே சேர்ந்தவள் என்று வார்டில் பேச்சு. இந்தப் படிப்பும் போய்விட்டால் கரட்டாங்காட்டில் களை எடுக்கத்தான் திரும்ப வேண்டும்.

"கிளாஸைக் கழுவாம வைப்பேன்," என்றாள்.

"ஏன்?"

"கழுவிட்டா அப்புறம் பொய் சொல்லத் தோணிரும்மா."

மேட்ரன் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு எல்லாருக்கும் சொன்னார். தப்புச் செய்தவளுக்குத் தண்டனை உண்டு, அது எவ்வளவு பெரிசானாலும் கொடுத்துவிட்டு அவளை இங்கேயே வைத்துக்கொள்வேன். மறைத்தவளுக்குத் தண்டனை கிடையாது, அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வேன் என்றார்.

நான் ஜன்னல் வழியாகச் சொன்னேன்: "பாடத்துக்கு நல்லாத்தான் இருக்கு. போலீசுக்கும் இப்படித்தான் பாடம் சொல்லி அனுப்புறாக."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். மேட்ரன் திரும்பி, "பெரியவரே, இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டார். 

அடுத்த புதன்கிழமை டாக்டர் என் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக் காலை அறுவை என்றார். சாயங்காலம் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் காலி செய்ய வேண்டும். சிஸ்டர் விஜயம் என் அட்டையில் எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை அந்த வார்டில் மூட்டைப்பூச்சி நாள். நோயாளிகளைத் தரையில் பாயில் போட்டுவிட்டு, கட்டில்களை வெளியே இழுத்துச் சட்டத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவைப்பார்கள். பதினொரு மணிக்குக் கட்டில்கள் திரும்பி வரும். யாரை எங்கே போடுகிறார்கள் என்று சிஸ்டர் நின்று பார்க்க வேண்டும். அன்றைக்கு அவள் நிற்கவில்லை. மருந்து அறையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்கு மறுநாள் கத்தி. அதற்கு முந்தின நாள் வடக்கே தலையா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கட்டில் தூக்குகிற கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டு, நான் அந்தப் பக்கம் படுத்துக்கொள்கிறேன், அந்தப் பையனை இங்கே போடு என்றேன். அவன் தயங்கினான். ஒரு சுருட்டை நீட்டினேன். தூக்கிப் போட்டுவிட்டான்.

அந்தப் பையனுக்கு நினைவில்லை. திக்குத் தெரியாதவனுக்கு வடக்கு என்ன, தெற்கு என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லவே கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அட்டைகள் ரெண்டும் அதது சுவரிலேயே தொங்கின.

ரெண்டு மணிக்கு வேலை மாறியது. மலையம்மாளுக்கு எங்கள் வார்டில் அன்றைக்குத்தான் முதல் நாள். அதுவரை பெண்கள் வார்டில் இருந்தவள். என்னை ஜன்னலுக்குள் ஒரு குரலாகத் தெரியும், முகம் தெரியாது.

நாலு மணிக்குத் தட்டோடு வந்தாள். ஆறாம் நம்பர் அட்டையைப் படித்தாள். குனிந்து, "விருமாண்டிங்களா?" என்று கேட்டாள். அந்தப் பையன் ம் என்றான். அவன் பேர் அதுதானே. தலையைத் தூக்கிப் பிடித்து எண்ணெயை வாயில் விட்டாள். மேலே ஒரு எலுமிச்சம்பழத் துண்டைப் பிழிந்தாள்.

நான் எதிரே படுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது எனக்கு வந்த எண்ணெய் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. எண்ணெய் குடிப்பதிலிருந்து தப்பித்தேன் என்று ஒரு சந்தோஷம். அதோடு, எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் முதலில் பேதிக்குத்தான் கொடுப்போம். பேதி போனால் சூடு இறங்கும் என்பது எங்கள் கணக்கு. பையனுக்கும் நல்லதுதான் என்று திரும்பிப் படுத்தேன்.

ஐந்து மணிக்கு முன்னால் காய்ச்சல் பார்க்க வந்தாள். பதினாலாம் நம்பர் அட்டையைப் படித்துவிட்டு என் அக்குளில் கண்ணாடிக் குச்சியை வைத்தாள். எடுத்தாள். உதறிவிட்டு மறுபடி வைத்தாள். காலையில் நூற்று நாலு இருந்தவனுக்குச் சாயங்காலம் ஒன்றுமே இல்லை. என் நெற்றியைத் தொட்டாள். திரும்பி ஆறாம் நம்பரைப் பார்த்தாள். நடந்து போய் அவன் நெற்றியைத் தொட்டாள். கையை அவன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

என்னிடம் திரும்பி வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது.

"ஐயா, கட்டில் மாறிப் படுத்தீங்களா?"

"இல்ல. போட்ட எடத்துலதான் கெடக்கேன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், எங்கள் ஊரில் கைரேகைச் சட்டம் இருந்த காலம் அது. போலீஸ் கைரேகை எடுத்து எழுதியிருக்கிற வீட்டில் ராத்திரி ஆள் படுத்திருக்க வேண்டும். ஒரு தடவை தங்கச்சி வீட்டுச் சாவுக்குப் போனவன், வெளியூரில் தங்க ராதாரிச் சீட்டு என்ற அனுமதி வாங்காமல் ஒரு ராத்திரி தங்கிவிட்டேன். ஆறு மாசம் உள்ளே போட்டார்கள். எழுதின இடத்தை மாறினாயா என்று ஒருத்தர் கேட்டாலே என் வாய் தானாக இல்லை என்றுதான் சொல்லும்.

அவள் சிஸ்டரின் மேஜைக்குப் போனாள். பதினாலாம் கட்டிலுக்கும் மேஜைக்கும் நாலு முழம்தான். தாழ்ந்த குரலில் பேசினாலும் எனக்குக் கேட்டது. எண்ணெய் டைபாய்டுக்காரனுக்குப் போய்விட்டது என்றாள். சிஸ்டர் எழுந்து நின்றாள், உடனே உட்கார்ந்தாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயசு. சின்ன வயசிலேயே தாலி அறுத்து, அக்ரஹாரத்தைவிட்டு வந்து இருபது வருஷமாக இந்த வேலையில் இருப்பவள். கெட்ட பொம்பளை என்று சொல்லமாட்டேன். பயந்தவள்.

"எம்புட்டு நேரமாச்சு?" என்று எங்கள் பேச்சிலேயே ஆரம்பித்தவள், பதற்றத்தில் தன் பேச்சுக்குப் போய்விட்டாள். "இதோ பாரு. அவனுக்கு மூணாவது வாரம். குடல் பூரா புண்ணு. இந்த வியாதியில தானாவே ஓட்டை விழும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எண்ணெயாலன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டா. அந்தக் கிளாஸை அலம்பி வை."

குடல் பூராவும் புண் என்ற சொல் என் காதில் விழுந்தது. பேதி மருந்து புண்ணான குடலை என்ன செய்யும் என்று யோசிக்கப் படிப்பு வேண்டாம். 

மலையம்மாள் நின்றாள். கிளாஸ் அவள் கையில் இருந்தது. தண்ணீர்க் குழாய் ரெண்டு எட்டில் இருந்தது. குழாயைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. எனக்கு நீளமாக இருந்தது. கழுவத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கழுவிவிட்டால் எனக்கும் நிம்மதி என்றுகூட நினைத்தேன்.

அப்போது மணி அடித்தது. சின்னத்தாய் உள்ளே வந்தாள். நேராகப் பதினாலாம் கட்டிலுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துத் திகைத்து, சுற்றிலும் தேடி, வடக்குச் சுவரில் புருஷனைக் கண்டாள்.

"என்ன மாமா இது, அவரத் தூக்கி அங்கிட்டுப் போட்டிருக்காக? தல வடக்க இருக்கே?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மலையம்மாள் அவளிடம் போனாள். வார்டில் பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உன் புருசனுக்கு நான் மருந்தை மாத்திக் குடுத்துட்டேன். அது அவருக்கு ஆகாத மருந்து. இப்ப டாக்டரைக் கூட்டிட்டு வாரேன். அவருக்குச் சொட்டுத் தண்ணி குடுக்காத, அசைக்காத," என்றாள். அழவில்லை. எண்ணெய் ஒட்டின கிளாஸைப் பிடித்துக்கொண்டு வராந்தா வழியே ஓடினாள்.

சின்னத்தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிஸ்டர் விஜயம் என் தலைமாட்டுக்கு வந்தாள். குனிந்து, போர்வையைச் சரி செய்வதுபோலப் பேசினாள்.

"பெரியவரே, நீங்கதான் மாறிப் படுத்தேள்னு எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை. டாக்டர் கேட்டா எண்ணெயை நான்தான் குடிச்சேன், அப்புறமா மாறிப் படுத்தேன்னு சொல்லிடுங்கோ. அந்தப் பொண்ணும் பொழைச்சுப்பா. அவளுக்கு ஒரு கொழந்தை இருக்கு தெரியுமோ?"

அதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. எண்ணெய் குடித்த பின் மாறினேன் என்றால் அது பெரிய குற்றம் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் நல்லது, சிஸ்டருக்கும் நல்லது, கருத்தக்கண்ணனுக்கும் நல்லது. கெடுதல் ஒரே ஒருத்தனுக்கு. அவனும் எப்படியும் போகப்போகிறவன் என்று இவளே சொல்கிறாள். நான் தலையை ஆட்டினேன். சரி என்றுதான் ஆட்டினேன்.

டாக்டர் பட்டாபிராமனும் மேட்ரனும் ஒன்றாக வந்தார்கள். பின்னால் மலையம்மாள். டாக்டர் பையனின் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். நாடி பார்த்தார். கிளாஸை வாங்கி முகர்ந்தார்.

"ரெண்டு அவுன்ஸா?"

"ஆமாங்க. நாலு மணிக்கு."

மணி ஐந்தேகால். சிஸ்டர் முன்னால் வந்தாள். பெண் புதுசு, பயந்துபோய் உளறுகிறாள், எண்ணெயைச் சரியான ஆளுக்குத்தான் கொடுத்திருக்கிறாள், அதற்குப் பிறகுதான் இவர்கள் ரெண்டு பேரும் கட்டில் மாறியிருக்கிறார்கள் என்றாள். தெளிவாகச் சொன்னாள். நம்பும்படி இருந்தது.

டாக்டர் குனிந்து பையனின் வாயை முகர்ந்து பார்த்தார்; காய்ச்சல் வாடையில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு நிமிர்ந்து மேட்ரனிடம் சொன்னார். அவர் சொன்னது இவ்வளவுதான்: எண்ணெய் உள்ளே போயிருந்தால் இப்போதே வயிற்றுக்குள் குழாய் விட்டுக் கழுவ வேண்டும், அரை மணி போனால் பிரயோஜனம் இல்லை. ஆனால் இந்த நிலையில் குழாய் விட்டால் நெஞ்சு நின்றாலும் நிற்கும். எண்ணெய் போகாதவனுக்குக் குழாய் விட்டுக் கொன்றேன் என்று ஆகக்கூடாது. எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

கிளாஸில் எண்ணெய் இருந்தது. யார் வயிற்றில் போனது என்று கிளாஸ் சொல்லாது.

மேட்ரன் மலையம்மாளைக் கேட்டார், முகத்தைப் பார்த்தாயா என்று. இல்லை, நம்பரையும் பேரையும்தான் பார்த்தேன் என்றாள் அவள். "ஆனா கை சுட்டுச்சும்மா. வாயில விடும்போதே சுட்டுச்சு. வெயிலுன்னு நெனச்சு விட்டுட்டேன். அப்பவே நின்னிருக்கணும்." பழியைத் தன் தலையில் தானே கட்டிக்கொண்டாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். "பெரியவரே, எண்ணெய் குடிச்சீரா?"

சிஸ்டர் அவருக்குப் பின்னால் நின்றாள். மலையம்மாள் அந்தப் பக்கம் நின்றாள். அவளுக்கும் சிஸ்டர் என்ன செய்திருப்பாள் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் ஆமாம் என்று சொன்னால் அவள் தப்பித்தாள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"ஐயா," என்றாள். "எனக்காகப் பாத்துச் சொல்லாதீங்க. நடந்ததச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. இவளைக் காப்பாற்ற ஒரு பொய் தயாராக இருக்கிறது, அதை இவளே தட்டிவிடுகிறாளே என்று. ஐம்பத்தெட்டு வயசில் பார்த்த அத்தனை பேரும், சட்டைக்காரத் துரை, சர்க்கார்க்காரன், எங்கள் ஊர்ப் பெரியதனக்காரன், எல்லாரும் உண்மையை அடுத்தவனைச் சொல்லச் சொல்வார்கள். தன் கழுத்துக்கு வருகிற உண்மையைச் சொல்லச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

தரையில் உட்கார்ந்திருந்த சின்னத்தாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"குடிக்கல," என்றேன். "பதினோரு மணிக்கே மாறிட்டேன். நாந்தேன் தூக்கிப் போடச் சொன்னேன். எண்ணெ அவனுக்குப் போறதப் பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். மத்தியானம் எனக்கு வந்த கஞ்சியையும் ஆறாம் நம்பருன்னு அவனுக்குத்தேன் குடுத்தாக. நாலு கரண்டி உள்ள போச்சு."

டாக்டர் முகம் மாறியது. கஞ்சி சோறாகவா, தண்ணியாகவா என்று கேட்டார். பருக்கை இருந்தது என்றேன். அதற்கு மேல் என்னோடு யாருக்கும் பேச்சில்லை.

திரையை இழுத்துவிட்டார்கள். குழாய், புனல், வாளி எல்லாம் ஓடிவந்தன. மேட்ரன் சிஸ்டரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, மலையம்மாளைத்தான் தலையைப் பிடிக்கச் சொன்னார். திரைக்குப் பின்னால் அவன் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. அது நின்றதும் வார்டு முழுக்க மூச்சு விடாமல் இருந்தோம். மறுபடி கேட்டபோது கால் ஒடிந்த விருமாண்டி சத்தமாக அழுதான். வாளி வெளியே வந்தது. மேலே எண்ணெய் மிதந்தது, பருக்கையும் இருந்தது. டாக்டர் வாளியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, குடல் அசையாமல் இருக்க ஊசி போட்டார். வயிற்றின் மேல் ஐஸ் கட்டிப் பையை வைத்தார்கள். முழுசும் வந்துவிட்டதா என்று மேட்ரன் கேட்டார். முழுசும் எப்படி வரும் என்றார் அவர்.

அறுவையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். என்னை ஆறாம் நம்பருக்கே அனுப்பினார்கள். வடக்கே தலை வைத்துத்தான் படுத்தேன். தலையணையை மாற்றத் தோன்றவில்லை.

மூன்று நாள் அப்படியே போயிற்று. மணிக்கு ஒரு தடவை வந்து அவன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். கல் மாதிரி இறுகினால் கிழிந்துவிட்டது என்று அர்த்தமாம். ரெண்டாம் நாள் ரத்தமாகக் கொஞ்சம் போயிற்று. சின்னத்தாயை மட்டும் வெளியே போகச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ்காரனின் சிவப்புத் தலைப்பாகை எப்போது உள்ளே வரும் என்று. ஒருத்தரும் வரவில்லை. நாலாம் நாள் காலையில் டாக்டர் அவன் வயிற்றைத் தொட்டுவிட்டு, மெத்தென்று இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு காய்ச்சல் படிப்படியாக இறங்கியது.

சிஸ்டர் விஜயம் அந்த வாரத்திலேயே பெட்டியோடு போய்விட்டாள். குதிரை வண்டியில் ஏறும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருபது வருஷம். பாவமாகத்தான் இருந்தது. மலையம்மாளுக்கு ஆறு மாசம் படிப்பை நீட்டி, ரெண்டு மாசம் நோயாளியைத் தொடக்கூடாது, மலச்சட்டி கழுவுகிற அறையில்தான் வேலை என்று உத்தரவு.

எனக்கு அது பொறுக்கவில்லை. மேட்ரன் கட்டில் பார்க்க வந்தபோது, உண்மையைச் சொன்னவளுக்கு மலச்சட்டியா, இதுதானா உங்க பாடம் என்று கேட்டேன்.

"உண்மை சொன்னதுக்கு இல்ல பெரியவரே. கை சுட்டும் நிக்காமப் போனாளே, அதுக்கு," என்றார்.

"அப்ப எனக்கு?"

"நீங்க என் நர்ஸ் இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பத்து நாள் கழித்து எனக்கு அறுத்துத் தைத்தார்கள். தையல் ஆறுகிறவரை அசையக்கூடாது. பதினாலாம் நம்பருக்கு ரசம் சாதம் போட ஆரம்பித்தார்கள். பிறகு சுவரைப் பிடித்து நடந்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது; என்னைப் பார்த்தால் மாமா என்று சிரிப்பான். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அவன் வீட்டுக்குப் போகிற நாள். சின்னத்தாய் அவனைப் படியில் உட்காரவைத்துவிட்டு, ஒரு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் கட்டிலுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக்கூடாது," என்றாள்.

"கேளு."

"டாக்டரு வந்து ஒங்க மொகத்தப் பாத்துக் கேக்காம இருந்திருந்தா, நீங்களா வாயத் தொறந்திருப்பீகளா?"

நல்லதாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பிவிட்டுப் போயிருப்பாள். இல்லாவிட்டாலும் நம்பினதுபோல் போயிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மாட்டேன்," என்றேன்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அப்படித்தேன் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு, போய்ப் புருஷனைக் கையைக் கொடுத்துத் தூக்கி, படியிறங்கி அழைத்துக்கொண்டு போனாள்.